கார்டில் இடமில்லை

ஞாயிறு இரவு, நமுனுகுல

இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவச் சபையின் ஐம்பதாம் ஆண்டு விழா. காலை எட்டு மணி முதல் மாலை நான்கு வரை எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யும் வேலை என்னுடையது.

போன வாரம் சபைச் செயலாளர் அண்ணனிடம் விழாவில் பேச இரண்டு நிமிடம் கேட்டேன். முப்பது வருடம் சபைக் கோயிலைக் கூட்டித் துடைத்த என் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான். "நிகழ்ச்சியில இடமில்ல தங்கச்சி" என்றார். தன் பேச்சுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போட்டிருந்தார்.

ரெக்கார்டரில் இருந்தது நாலு ஜிபி கார்டு. சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்தால் மணிக்கு அறுநூறு எம்பிக்கு மேல் போகும். ஆறு மணி நேரம் சொச்சத்தில் கார்டு நிறைந்துவிடும். சுருக்கிப் பதியும் எம்பி3க்கு மாற்றினால் நாள் முழுவதும் அரை ஜிபிக்குள் அடங்கும். நேற்றே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மாற்றவில்லை. அவர் பேச்சு மூன்று மணிக்கு.

இரண்டேகாலுக்கு ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விழா முடிந்ததும் வந்தார். "தங்கச்சி, நம்ம பேச்ச மகளுக்கு அனுப்பணும். கனடாவுல காத்துக்கிட்டு இருக்கா."

"அது பதியல அண்ணே. கார்டுல இடமில்ல."

அவர் முகம் சுருங்கிப்போனது. தான் சொன்ன சொல் நினைவுக்கு வந்ததா, தெரியவில்லை. வரட்டும்.

அம்மாவுக்காக நான் கேட்ட இரண்டு நிமிடம் எம்பி3யில் இரண்டே எம்பிதான்.

படுக்குமுன் ஜெபிக்க முழங்காலிட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சிரிப்புதான் வந்தது.