தினம் காலையில் உன் ஃபோனில் வரும் சத்தம்

அன்பு மச்சான் பஷீருக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் இங்கே நலம் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப் ஓடுகிறது. ராயக்கோட்டை ரோட்டு லாரிகள் இன்னும் நம் கேட்டை மறித்துத்தான் நிற்கின்றன. உன் இடத்தில் இப்போது மஞ்சுளா என்ற பெண் மிஷின்களுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். பாகலூர்க்காரி. மிஷினோடு தெலுங்கில் பேசுவாள், கஸ்டமரோடு கன்னடத்தில், என்னைத் திட்டும்போது மட்டும் தமிழில். உனக்குப் பிடித்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சர்வரில் ஒரு டிஸ்க் செத்துப்போய்விட்டது.

பதறாதே. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும்படி நீ கட்டிவைத்தாயே, அந்த ஜோடியில் ஒன்றுதான். மற்றது தனியாக எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாது. மஞ்சுளா வேறு எதற்கோ உள்ளே போய்ப் பார்த்தபோது, ஓடும் டிஸ்க்குக்கு ஒன்றாகத் திரையில் இரண்டு ‘யூ’ நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’வும் பக்கத்தில் வெறும் கோடும் இருந்தது.

நாம் சேர்ந்து ஆரம்பித்த நாளிலிருந்து நீ எழுதிய புரோகிராம், போட்ட டிராயிங் எல்லாம் அதற்குள்தான். பேக்கப் டிஸ்க் போன மழையில் கூரை ஒழுகி வீணானது. இப்போது ஓடும் வேலைகளை மஞ்சுளா தன் லேப்டாப்பில் அள்ளிக்கொண்டாள். பழையது அத்தனையும் அதில் கொள்ளவில்லை. தனியாக ஓடும் டிஸ்க்கும் நின்றால் உன் உழைப்பில் பாதிக்கு மேல் போய்விடும்.

இப்படி ஆனால் சர்வரே மெயில் அனுப்ப வேண்டுமே, ஏன் வரவில்லை என்று அவள் தேடினாள். வந்திருக்கிறது, மச்சான். தினம் காலையில் தவறாமல் போயிருக்கிறது. உன் முகவரிக்கு.

சரி, மாற்றிவிடலாம் என்று புது டிஸ்க்கோடு போய் நின்றோம். செத்தது எது? இரண்டும் ஒரே மாதிரி, நீயும் நானும் பெங்களூர் போய் ஒன்றாக வாங்கியவை. தவறிப்போய் உயிரோடிருப்பதை உருவினால் தீர்ந்தது கதை. அதற்காகத்தானே ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் டிஸ்க்கின் நம்பரை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தாய். பார்த்தால் நம்பரைக் காணோம். பளபளவென்று துடைத்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை வேலை. நீ இருந்தவரை அன்றைக்குச் சர்வரை நீதான் துடைப்பாய், வேறு யார் கையும் படவிடமாட்டாய். பொரிப் பொட்டலத்தை முதலில் பிரிப்பதும் நீதான். இந்த முறை நீ இல்லையே என்று நம் லேத் வெங்கடப்பா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறார். மிஷினைத் துடைக்கும் அதே தின்னர். மெயின் அணைந்திருந்த நேரத்தில் இரண்டு ட்ரேயையும் உருவித் துடைத்து, எது எந்தப் பக்கம் என்று பார்க்காமல் மாட்டிவிட்டார். கேட்டதும் முகம் வாடிப்போனது.

“பஷீர் பாய் பொட்டிய அழுக்கா வெச்சுப் பூஜ பண்ண மனசு வல்லப்பா,” என்றார்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மஞ்சுளாதான் வழி கண்டுபிடித்தாள். “உயிரோட இருக்கறத நல்லா ஓட வெப்போம் சார். எந்த லைட்டு மினுக்குதோ அதத் தொடாதீங்க.” நல்ல டிஸ்க்கை விடாமல் படிக்கும்படி சர்வருக்குக் கட்டளை கொடுத்தாள். இடது பக்கத்து விளக்கு படபடவென்று மினுக்கியது. வலது பக்கம் அசையவில்லை. வலதை உருவினேன். திரையில் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று அவள் தலையாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புதியதைச் சொருகினோம். பழையதிலிருந்து எல்லாம் புதியதற்கு ஏறத் தொடங்கியது. இத்தனை வருடம் ஓடிய டிஸ்க் இந்தச் சுமையைத் தாங்குமா என்று உன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது, மச்சான்.

முதல் எச்சரிக்கை எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ளக் காவேரிப்பட்டினத்தில் உன் வீட்டுக்குப் போன் போட்டேன். நசீமா எடுத்தது.

“அவரு ஃபோன நான் எங்கண்ணா தொறந்து பாத்தேன்? தினம் காலைல ஒருவாட்டி சத்தம் குடுக்கும். அதுக்காகத்தான் சார்ஜ் போட்டு வெக்கறேன்.”

அது என்ன சத்தம் என்று விளக்கினேன். நசீமா கேட்டது: “அப்ப டிஸ்க்கு சரியாயிட்டா நின்னுருமாண்ணா?”

திரையில் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது. அது பாதியிலேயே நின்றுவிட்டால்கூடத் தேவலை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஷிப்ட் முடிவதற்குள் ஏறி முடிந்தது. இரண்டு ‘யூ’ பக்கத்தில் பக்கத்தில். உன்னுடையது எதுவும் போகவில்லை. வெங்கடப்பா எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. இனிமேல் எச்சரிக்கை யாருக்குப் போக வேண்டும்? உன் பெயரோடு என் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னேன். ஒரே ஒரு முகவரியைத்தான் அது எடுக்குமாம். மஞ்சுளா கீபோர்டை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள். உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழுதேன்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் சர்வரைப் பார்த்தேன். பிறகு உன் முகவரிக்கு ஒரு வரி அனுப்பினேன்: “இரண்டும் ஓடுது மச்சான்.” சற்று நேரத்தில் நசீமா கூப்பிட்டது. “வந்துச்சுண்ணா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டது.

இந்தக் கடிதமும் அங்கேதான் வருகிறது. நாளைக் காலையிலும் ஒரு வரி வரும், அதற்கு மறுநாளும் வரும். நான் ஷட்டரைத் தூக்கும் நாள்வரை உன் ஃபோன் சத்தம் போடும்.

நசீமாவுக்கு அண்ணன்,
ஆகவே உனக்கு எப்போதும் மச்சான்,
கோவிந்தராஜ்