ஆட்சேபனை இல்லை

பள்ளிபாளையம்
12.9.2022

வக்கீல் அண்ணனுக்கு,

மலர்விழி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணியும் குழந்தைகளும் சுகம்தானே? போன் போட்டால் உங்கள் உதவியாளர் சந்தோஷ்குமார் எடுத்து, "அண்ணன் மீட்டிங்ல இருக்காருங்க" என்கிறார். நீங்கள் எம்.எல்.ஏ.வாக ஜெயித்த நாளிலிருந்து ஒரே மீட்டிங்தானா? அதனால்தான் கடிதம்.

அப்பாவும் நானும் போட்ட சுடுகாட்டுப் பாதை வழக்கு மறுபடியும் வாய்தா ஆகிவிட்டது. பாதையை மறித்து வேலி போட்ட அப்புசாமியை நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாள் அது. உங்கள் ஜூனியர் நேரம் கேட்டார். இதோடு நாலு தடவை. எம்.எல்.ஏ. ஆனாலும் கறுப்புக் கோட்டுப் போடலாம், மந்திரியானால்தான் கூடாது என்று கோர்ட்டு குமாஸ்தா சொன்னார். விசாரித்து வைத்திருக்கிறேன், சாக்குச் சொல்ல முடியாது!

அப்பாவுக்கு இழுப்பு அதிகம். படுத்த படுக்கை. "நாங் கண்ண மூடறதுக்குள்ள நம்ம வக்கீலு தடத்தத் தொறந்து உட்ருவாருங்க" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அடுத்த வாய்தாவுக்காவது வாங்க அண்ணா.

தங்கை
மலர்விழி

நாமக்கல்
3.10.2022

அன்புத் தங்கை மலர்விழிக்கு,

நீ திட்டியது சரிதான். போனில் பேசினால் எவனாவது பதிவு செய்து வாட்ஸப்பில் விட்டுவிடுகிறான். இதையும் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

அலுத்துப் போச்சு அம்மா. விடிந்தால் காதுகுத்து, பொழுது சாய்ந்தால் துக்கம். சட்டப் புத்தகத்தைத் தொட்டு எத்தனை மாதமோ. அப்புசாமி எனக்குச் சித்தப்பா முறை. அதைப் பார்க்காமல்தான் ஆறு வருசத்துக்கு முன்னால் உங்கள் வழக்கை எடுத்தேன். அன்றைக்கு என் வீட்டார் மட்டும்தான் முகத்தைத் திருப்பினார்கள். இன்றைக்கு அவரைக் கூண்டில் ஏற்றினால் எங்கள் ஆட்களான தோட்டத்துக்காரர்கள் மொத்தமும் அடுத்த தேர்தலில் என்னைத் தோற்கடிப்பார்கள். உங்கள் காலனியில், ஜெயித்ததும் மறந்துவிட்டான் என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

பேசி முடிக்கப் பார்க்கிறேன். தை பிறக்கட்டும். அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

அண்ணன்
நவநீதகிருஷ்ணன்

பள்ளிபாளையம்
28.11.2022

அண்ணா,

அப்பா புதன்கிழமை போய்விட்டார். உங்கள் பெயர் போட்ட பட்டையோடு மாலை வந்தது. அது தார் ரோட்டில் காரில் வந்தது. அப்பா வாய்க்கால் வழியாகப் போனார். இடுப்பளவு தண்ணீர். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தும் பாடை ஒரு பக்கம் சாய்ந்து அவர் கால் நனைந்துவிட்டது. நான் கரையில் நின்று பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அப்புசாமியும் நின்று பார்த்தார்.

பேசியெல்லாம் முடிக்க வேண்டாம். ஈரோட்டு வக்கீல் அனிதா வழக்கை நடத்த ஒத்துக்கொண்டார். பழைய வக்கீல் "ஆட்சேபனை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புதியவர் உள்ளே வர முடியுமாம். புது வக்காலத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரிதான் கடைசி வாய்தா என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

மலர்விழி

நாமக்கல்
9.12.2022

மலர்விழிக்கு,

நீ அனுப்பிய வக்காலத்து ஒரு வாரம் மேசையிலேயே கிடந்தது. இன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், போட்டதும் பாரம் குறைந்தது. அது வெட்கமாகவும் இருக்கிறது.

அப்பாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வாய்க்காலின் மேல் ஒரு நடைபாலத்துக்குத் தொகுதி நிதியில் எழுதிக் கொடுக்கிறேன். இனி யார் காலும் நனையாது. என்னால் முடிந்தது இவ்வளவுதான் அம்மா.

அண்ணன்
நவநீதகிருஷ்ணன்

பள்ளிபாளையம்
19.12.2022

எம்.எல்.ஏ. அவர்களுக்கு,

பாலம் வேண்டாங்க. வேறு வழி ஒன்று இருந்துவிட்டால் பாதை வழக்கு நிற்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். மறந்து எழுதினீர்களா, தெரிந்தே எழுதினீர்களா என்று நான் கேட்கவில்லை.

வக்காலத்தைக் கோர்ட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துக்குக் கீழே சட்டமன்ற உறுப்பினர் என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள். "எம்.எல்.ஏ.வுக்கு ஆட்சேபனை இருந்தா என்ன, இல்லீனா என்னங்க? வக்கீலு கையெழுத்தில்ல வேணும்" என்றார் குமாஸ்தா. வக்கீல் பதிவு எண்ணும் போட வேண்டுமாம்.

வேறு தாள் வைத்திருக்கிறேன். உங்கள் எண்ணைப் பழைய வக்காலத்தில் பார்த்துப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதன்மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

மலர்விழி