கைப்பிடிக்கு உப்புத் தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியவில்லை. அதனால் கம்பெனி முகவரிக்கே அனுப்புகிறேன். எங்கே கிடைத்தாலும் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள். போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் சித்தப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். "அண்ணன் குரல் எல்லார் காதுலயும் விழட்டும்" என்கிறார். எங்கள் குரலும் அவர் காதில் விழுகிறதே, அதுதான் கஷ்டம்.

முதலில் நல்ல செய்தி. அறிவியலில் வகுப்பிலேயே நான்தான் முதல். கணக்கைப் பற்றி நீங்கள் கேட்காமல் இருந்தால் நான் மகிழ்ச்சியாக இருப்பேன்.

நீங்கள் போன முறை வந்திருந்தபோது முன்னறையைச் சித்தப்பாவுக்கு விட்டுக்கொடுத்தீர்கள் அல்லவா? அது இப்போது முழுக்கடை ஆகிவிட்டது. பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர், ஆம்ப்ளிஃபயர் என்று எங்கெங்கிருந்தோ அள்ளிக்கொண்டு வருகிறார். மெருகேற்றி விற்கிறார். சோபா இருந்த இடத்தில் பெட்டிகள் நிற்கின்றன. லீவு விட்டதும் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். பெட்டிகளின் மேலே தூக்கிச் செல்வதற்கு ஒரு கைப்பிடி இருக்குமே, அதைக் கழற்றித் துரு நீக்கிச் சுத்தம் செய்வது.

அப்பா, இதைவிட அருவருப்பான வேலை உலகத்தில் இருக்காது. பெட்டியின் மற்ற இடங்களில் வெறும் தூசிதான். கைப்பிடியில் மட்டும் மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேருடைய வியர்வை, எத்தனை பேர் சாப்பிட்டுவிட்டுக் கழுவாத கை! முதல் கைப்பிடியின் ரப்பர் உறையை உருவியபோது அது பாம்புச் சட்டை போலக் கழன்று வந்தது. உள்ளே காதுக் குறும்பி மாதிரி கறுப்பாக ஒரு பசை. அதில் கரப்பான் முட்டைகள், சிவப்புப் பயறு போல வரிசையாக. நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஜட்ஜம்மாவுக்குக் குமட்டுதாம், ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க அண்ணி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். என்னை அவர் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுகிறார், எல்லாவற்றிலும் நான் குற்றம் கண்டுபிடிக்கிறேனாம்.

ஆனாலும் செய்தேன். பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. துருவேறிய ஸ்க்ரூ தலையில் எண்ணெய் விட்டு ஊறவைப்பேன். சுத்தியலால் லேசாகத் தட்டி, ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்புவேன். கீச்சென்று பல் கூசும் சத்தத்தோடு வரும். பிறகு கைப்பிடியை வினிகரில் போட்டு வைத்தால் மறுநாள் அந்த வினிகர், பழுத்த புண்ணைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசி வைப்பேன். ஒரு நாள் சித்தப்பா அரிசி களையும் பாத்திரத்தையே வினிகருக்கு எடுத்துவிட்டார். அம்மா அதைத் தெருவில் வீசிவிட்டாள். என் நகக்கண்ணில் ஏறிய துரு இன்னும் போகவில்லை. சோற்றை வாயில் வைத்தால் பழைய காசை நக்கின மாதிரி இருக்கிறது.

அழுக்கு கழுவினால் போய்விடும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். கழுவினாலும் போகாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பாட்டு டீச்சர் ஒரு பழைய மரப்பெட்டி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். பள்ளி திறந்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் ஒத்திகைக்காக. அதன் மேல் ஒரு இரும்புக் கைப்பிடி. அதைக் கழற்றும்போது ஸ்க்ரூ இரண்டும் துருவில் இறுகி, தலை முறிந்துவிட்டன. சித்தப்பா மிச்சத்தைத் துளைபோட்டு எடுத்தார். துளை பெரிதாகிவிட்டது. பழைய ஸ்க்ரூ என் நகத்தின் நீளம்தான். புதிதாக அவர் போட்டது என் சுண்டுவிரல் நீளம்.

மறுநாள் அவர் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முன்னறையைத் துடைக்க வந்தவள், பெட்டி வழியில் இருக்கிறதே என்று கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினாள். கை ஈரம். அப்பா, அம்மா கத்தக்கூட இல்லை. அவளால் விடவும் முடியவில்லை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா முகம் வெளுத்துப்போனது உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் சொன்னார், "ஈரக் கையோட தொட்டா பின்ன என்ன கொஞ்சுமா அண்ணி? பழைய செட்டு எல்லாமே லேசா கசியத்தான் செய்யும்."

துருவை விட அந்தப் பேச்சு எனக்குக் குமட்டியது.

துரு மிச்சமிருக்கிறது என்று சொல்லி அந்தக் கைப்பிடியை மறுபடி கழற்றினேன். பிளக்கைப் பிடுங்கியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, துளைக்குள் ஒரு தீக்குச்சியை விட்டேன். பாதி போவதற்குள் எதிலோ இடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கரண்டு உள்ளே வருகிற கம்பியின் பற்றவைத்த முனை நேர் கீழே இருக்கிறது. பெட்டியைத் தூக்கினால் அந்த நீள ஸ்க்ரூ சாய்ந்து அதில் போய்த் தொடுகிறது. கரண்டு கைப்பிடிக்கு வந்துவிடுகிறது. தூக்குகிற நேரத்தில்தான் வரும். சும்மா வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது.

சித்தப்பாவிடம் தீக்குச்சியைக் காட்டி விளக்கினேன். சின்ன ஸ்க்ரூ போடலாமே என்றேன். துளை பெரிதாகிவிட்டது, சின்னது நிற்காது என்றார். அப்படியானால் உள்ளே எல்லாவற்றையும் கழற்றி மூடிக்குப் புது மரத்துண்டு வைக்கலாமே என்றேன். "அதுக்கு நாலு நாள் ஆகும் ஜட்ஜம்மா, யாரு உக்காருறது? கைப்பிடிக்கு மேல ரெக்ஸின் சுத்திக் கொடுத்துட்டா ஷாக்காவது மண்ணாவது" என்றார். அதையும் எனக்கு ஏதோ நல்லது சொல்லிக்கொடுப்பது போல, என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், தண்ணீர்க் குழாயில் விளையாடிவிட்டு ஓடி வந்து, "டீச்சர், நான் தூக்குறேன், நான் தூக்குறேன்" என்று சண்டை போடுவார்கள். நானும் அப்படிச் சண்டை போட்டவள்தான். எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொன்னேன். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகாதே என்றாள். அப்பா தண்ணீரில் இருக்கிறார், அவருக்கு எழுதிப் பயமுறுத்தாதே என்றாள். சித்தப்பா இல்லையென்றால் ஆஸ்பத்திரி, கடைகண்ணி என்று எதற்கு யார் துணை என்றும் கேட்டாள்.

அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன். கைப்பிடி சுத்தமாகாமல் சித்தப்பா பெட்டியை டீச்சரிடம் கொடுக்கமாட்டார். பளபளப்பில் அவருக்கு அவ்வளவு பெருமை. நான் தினமும் அவர் கண் முன்னாலேயே அதை நன்றாகத் தேய்க்கிறேன். அவர் வெளியே போனதும் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு உப்புத் தண்ணீர் தெளித்து, மொட்டை மாடியில் ஈரத்துணிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். உப்பும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும் என்று கப்பலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் செம்மண் பூத்த மாதிரி துரு வந்துவிடுகிறது. "என்ன இரும்புடா இது, சனியன்!" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். இத்தனை நாள் துருவைப் பார்த்தாலே உடம்பு கூசிய நான், இப்போது மாடிப்படி ஏறும்போது அது வந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு போகிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சித்தப்பாவை ஏமாற்ற அவர் வழியையே கற்றுக்கொண்டுவிட்டேன் போல.

ஆனால் இது ரொம்ப நாள் ஓடாது. வேறு கைப்பிடி பார்க்கலாம் என்று நேற்று பேச ஆரம்பித்துவிட்டார். பள்ளி திறப்பதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

அப்பா, நான் சொன்னால் சித்தப்பா சிரிப்பார். அம்மா சொன்னால் கேட்ட மாதிரி தலையாட்டுவார். நீங்கள் சொன்னால் மட்டும்தான் எழுந்து நின்று கேட்பார். உங்கள் குரலில் அந்தப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரிலேயே சொல்லுங்கள், எல்லார் காதிலும் விழட்டும். அதற்குள் உங்களால் பேச முடியாமல் போனால், நான் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. சொன்ன பிறகு இந்த வீட்டில் யார் யாரோடு பேசாமல் போனாலும், நீங்கள் என்னோடு பேசாமல் இருக்கக் கூடாது. அதை மட்டும் கேட்கிறேன்.

இஞ்சின் அறையில் கவனமாக இருங்கள். ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள். இந்த முறை அம்மா எழுத வேண்டிய வரிகளையும் நானே எழுதுகிறேன், அவளால் இன்னும் பேனா பிடிக்க முடியவில்லை. தான் நன்றாக இருப்பதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நீங்கள் வரும் நாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் அன்பு மகள்.