நாணொலி வேண்டிய அமைச்சருக்கு அகிநோ தேவியார் ஆணை

திரு நிலைபெறுக. கீழ்க்கடலின் பனித்தீவுகளை ஒரு குடைக்கீழ் ஆளும் கசுமி நாட்டு மாமன்னரின் பட்டத்தரசி, ஊதாத் திரைக்குப்பின் வீற்றிருக்கும் அகிநோ தேவியாரின் திருவுள்ளப்படி, அவர்தம் திருமுகம் எழுதும் பணிப்பெண் கொசுகே, முதலமைச்சர் தொகிமுனேயாருக்கு வரையும் ஓலை. உமது மாளிகையும் அதன் செர்ரி மரங்களும் நலமே விளங்குக.

இன்று காலை நீர் விடுத்த விண்ணப்பம் திரைமுன் வாசிக்கப்பட்டது. அரசரின் இளைய தேவியான உம் மகள் மினாகோ தந்தை வீட்டில் பேறுவலி கண்டிருக்கிறாள் என்றும், பிறக்கும் பிள்ளையைப் பேய் அண்டாதபடி வாசலில் நின்று வெறும் வில்லின் நாணைச் சுண்டி ஒலிக்க அரண்மனை வில்லாளர் உடனே வேண்டும் என்றும் கண்டிருந்தது. தேவியார் மறுமுறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனம் குளிர்ந்தது என்று வாய்விட்டே சொன்னார். தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும்!

தேவியாருக்கு வலி கண்ட நாளை நீர் மறந்திருக்கலாம். தந்தை மாண்டு, தமையன் உம் சொல்லால் நாடு கடத்தப்பட்டு, பேறு பார்க்க ஒரு வீடு தருவாரின்றி அவர் கிடந்தார். அன்று பார்த்து வில்லாளர் அனைவரையும் மான் வேட்டைக்கு அழைத்துப் போனீர். நாணொலி கேளாமல் பிறந்த இளவரசர் அரியணைக்கு ஆகார் என்று அவையில் முதற்குரல் கொடுத்தவரும் நீரே. அந்தப் பிள்ளைக்கு அரியணை தேவைப்படவில்லை. பால் மறக்குமுன்னே போய்விட்டது. தேவியார் அழுத அழுகையை அடியாள் கேட்டேன். உமது மாளிகையில் அன்றும் மான்கறி விருந்து.

இப்போது அரசர் வில்படையைத் தேவியார் கையில் ஒப்புவித்திருக்கிறார். ஆகவே வில்லாளர் வருவர், ஒருவர் குறையாமல் வருவர். பச்சைக் குழந்தையைப் பேய்க்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் தேவியாருக்கில்லை. அது உமக்கே உரியது. ஆனால் எவர் பெயர் சொல்லி நாண் ஒலிக்கிறதோ அவர் வீட்டுப் பிள்ளையே அது என்பது இந்நாட்டு மரபு. நாண் அகிநோ தேவியார் பெயரைச் சொல்லி ஒலிக்கும். பிள்ளை அவர் மடியில் வளரும். பேரன் பெயரால் நாடாளலாம் என்று நீர் மனத்தில் கட்டிய கோட்டை இடியட்டும்.

மினாகோவிடம் தேவியாருக்குப் பகையில்லை. அவளும் பிள்ளையோடு வரலாம். தாயும் சேயும் பிரிக்கப்படார். தேவியாரின் வாசல் அடைபடுவது உமக்கு மட்டுமே.

மறுக்கவும் அவளுக்கு உரிமையுண்டு. நாணொலி கேளாத பிள்ளையின் கதி என்னவென்று நீரே அவையில் நிலைநாட்டியிருக்கிறீர்.

வில்லாளர் உமது வாசலில் வில்லேந்தி நிற்கின்றனர். இவ்வோலை மினாகோவின் படுக்கையருகே உரக்க வாசிக்கப்படுக. அவள் தலையசைத்தால் நாண் ஒலிக்கும். உமது தலையசைப்பை எவரும் நோக்க வேண்டாமென்று அவர்களுக்கு உத்தரவு.

தேவியாரின் நாரை முத்திரை பொறித்தது. மறுவோலை ஏற்கப்படாது.