அன்னக்கொடியின் காதும் அமெரிக்க விசாவும்

பரவை,
கார்த்திகை 5 (20-11-1981)

அன்பு மகன் முத்திருளனுக்கு அப்பா மொக்கைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, சினை எருமை மூவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். சிகாகோவில் நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன். விசா கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் நீ தவித்துக்கொண்டிருப்பாய். கொஞ்சம் பொறு. நாங்கள் பட்டதை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும், நீயும் சொகுசு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக வாசி.

மருமகளுக்கு இது தலைப்பிரசவம், முறைப்படி அவள் தாய்வீட்டார் பார்க்க வேண்டியது. உன் மாமியார் கே.கே. நகர் வீட்டு மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டதால் அந்த உத்தியோகம் உன் அம்மாவுக்கு வந்தது. சம்பந்தியம்மாளைப் போய்ப் பார்த்தோம், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு எங்களுக்கு விமானத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள், அவர்களும் போனதில்லை. தைப் பொங்கலை ஒட்டிப் பிள்ளை பிறக்கும், அதற்குள் அம்மா வந்து சேராவிட்டால் இங்கே பார்க்க நாதியில்லை என்று நீ எழுதியிருந்தாய். அம்புட்டுப் பெரிய தேசத்தில் ஒரு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்பதைப் படித்து நான் ஆச்சரியப்பட்டேன். உன் அம்மா ஆச்சரியப்படவில்லை, அன்றைக்கே பெருங்காயமும் சுக்கும் வாங்கி வைத்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டதும் விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். சைக்கிளை நம் வாசலில் நிறுத்தியதுதான் தாமதம், தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேயாண்டி வந்து என் தோளில் கை போட்டு, என்னண்ணே, யாரை வெட்டுனீக, சொல்லுங்க பாத்துக்கிருவோம் என்கிறான். உன் மதினி அமெரிக்கா போறாடா என்றேன், அவன் நம்பவில்லை, இன்று வரைக்கும் நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் நினைக்கிறான். மனுவில் அன்னக்கொடி என்று உன் அம்மா பேரை எழுதியதும் பிறந்த தேதி கேட்டிருந்தார்கள். வைகையில் வெள்ளம் வந்து எங்க வீட்டுக் கெடா ஆட்டை அடித்துக்கொண்டு போன வருசம் என்று உன் அம்மா சொன்னாள். அதை எழுத இடம் பற்றவில்லை, எழுதிக் கொடுத்தவர் தனக்குப் பிடித்த ஒரு தேதியைப் போட்டார். அங்க அடையாளம் கேட்டிருந்த இடத்தில் தோளைத் தொடும் நீண்ட காதுகள் என்று நானே சொல்லி எழுதச் செய்தேன். அதைவிட நிச்சயமான அடையாளம் வேறு என்ன இருக்கிறது? ஸ்டுடியோவில் காதை இழுத்துத் தொங்கும் தண்டட்டியோடுதான் படம் பிடித்துக்கொண்டாள். படத்தில் முகத்தைவிடக் காதுதான் நன்றாக விழுந்திருந்தது.

பாஸ்போர்ட் கைக்கு வந்த சமயத்தில்தான் உன் கடிதம் வந்து சேர்ந்தது. விசாவுக்கு எந்தெந்தக் காகிதம், என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தபோது உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை என்று தோன்றியது. கடைசியில் ஒரு வரி, பொடி எழுத்தில். அம்மாவின் காதை ஒரு டாக்டரிடம் காட்டி ஒட்டித் தைத்துவிட்டால் நல்லது, இங்கே எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் என்று. இன்னும் வந்தே சேராதவளை அவர்கள் எப்படி அதற்குள் பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உரக்க வாசித்துக் காட்டும்போது அந்த வரியை நான் தாண்டிவிட்டேன். எழுத்து வாசிக்கத் தெரியாதவள் என் முகத்தை வாசித்துவிட்டாள். மறுநாள் அவள் தங்கை செல்லத்தாய் வந்ததும் அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கு, போயிட்டு வாரோம் என்று சொல்லி இருவரும் பஸ் ஏறினார்கள். பொழுது சாயத் திரும்பி வந்தபோது உன் அம்மாவின் இரண்டு காதிலும் பஞ்சும் பிளாஸ்திரியும். முருகனுக்கு மொட்டை போடுவார்கள், காவடி எடுப்பார்கள், காதைக் கொடுத்ததை நான் கேள்விப்பட்டதில்லை. என்னடி இது என்று கத்தினேன். நம்மளால பிள்ளைக்குத் தலக்குனிவு வரக்கூடாதுங்க என்று மட்டும் சொன்னாள், போய் எருமைக்குத் தண்ணீர் வைத்தாள். தண்டட்டி இரண்டையும் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அன்று நீ பக்கத்தில் இல்லாதது உன் அதிர்ஷ்டம். அதற்காகத்தானே அம்புட்டுத் தூரம் போயிருக்கிறாய்.

காது ஆறியதும் பாண்டியன் எக்ஸ்பிரசில் மெட்ராஸ் போனோம். விசா ஆபீசில் வெள்ளைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை விட்டு, இந்தப் படத்தில் இருப்பது உங்கள் அக்காவா என்று கேட்கச் சொன்னார். நாந்தேன் என்றாள். அப்படியானால் காது எங்கே என்றார். அமெரிக்காவில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று மகன் அறுக்கச் சொன்னான், அறுத்த பிறகு அமெரிக்காக்காரரே ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அடையாளம் அழிந்த பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லை, டாக்டர் கடிதமும் புதுப் படமும் வைத்துப் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் இத்தனை வருசம் படித்த உனக்கும் இது தோன்றவில்லை, எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற எனக்கும் தோன்றவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அதிலேயே போயிற்று. மருமகள் அங்கே தனியாகக் கிடப்பாளே என்று உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் இறங்கவில்லை.

போன வாரம் மறுபடி போனோம். பிள்ளை பார்க்க வருகிறேன் என்று சொல்லாதே, ஊர் பார்க்க வருகிறேன் என்று சொல் என்று நீ எழுதியிருந்தாய், ரயிலில் வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனேன். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டதுதான், ஊரு எங்கிட்டும் ஓடிராது, மருமகளுக்குப் பேறுகாலம் பாக்கப் போறேன் என்றாள். திரும்பி வருவீர்களா என்றார்கள். எருமை சினையா இருக்கு, இந்த மனுசனுக்குப் பால் பீச்சத் தெரியாது, வராம அங்க என்ன செய்யப் போறேன் என்றாள். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நீ சேர்த்து அனுப்பிய காகிதக் கட்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், பொட்டலம் மடிக்க ஆகும்.

திரும்பி வரும்போது ரயிலில் உன் அம்மா காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். பாலை மறந்த பிறகும் நீ அவள் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாய், உனக்கு நினைவிருக்காது, தண்டட்டி குத்தும் என்று கழற்றி வைத்துவிட்டு வெறும் காதை உன் கையில் கொடுப்பாள். பிறகு, ஏங்க, பேரப்பிள்ளை எதைப் புடிச்சுக்கிட்டு ஒறங்கும் என்று கேட்டாள். நீ படித்தவன், அவள் வந்ததும் நீ சொல்.

மார்கழியில் பயணம் ஆகாது என்பதால் கார்த்திகை கடைசி வெள்ளியன்று புறப்படுகிறாள். விமானம் இறங்கும் நேரத்தைத் தந்தியில் தெரிவிக்கிறேன். பம்பாயிலும் லண்டனிலும் மாறி ஏற வேண்டும் என்பதால் உன் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன். கறி எதையும் தொட மாட்டாள், பொரித்த சோற்று வடகம் கட்டித் தந்துவிடுகிறேன். வெறுங்காலோடு நடந்து பழகியவள், குளிருக்கு ஏற்ற செருப்பும் கம்பளியும் நீ கையோடு கொண்டு வா. பெரிய காதை மறைக்கக் கம்பளிக் குல்லாய் ஒன்று வாங்கியிருப்பதாக மருமகள் எழுதியிருந்தாள், அதைக் குளிருக்குப் போட்டுக்கொள்ளட்டும். தண்டட்டி என்னிடம் இருக்கிறது.

மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், உன் குலம் விளங்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விமானக் கூடத்தில் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடும்போது பழைய நினைப்பில் காதைப் பார்த்துத் தேடாதே. முகத்தைப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
வி. மொக்கைச்சாமி