சந்தவாசலில் இறங்கி நடந்தோம்

ஆரணி,
24-11-2003

அன்புள்ள சத்யப்ரியாவுக்கு,

உன் சுகன்யா எழுதுவது. நானும் என் வீட்டுக்காரரும் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. போன கடிதத்தை உன் மாமியார் வீட்டில் எல்லோரும் படித்த பிறகுதான் உன்னிடம் கொடுத்தார்களாம். இதைத் தபாலில் போடவில்லை. புடவைக் கட்டுடன் பெங்களூர் வரும் லீலா அக்கா உன் கையிலேயே கொடுப்பார். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று அமாவாசை, தறிக்கு லீவு. நீ கல்யாணமாகிப் போன பிறகு நான் படவேடு பக்கமே போகவில்லை. நேற்று ஏனோ வீட்டில் கால் தங்கவில்லை. போகப் போகிறேன் என்று முந்தின நாள் உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். பஸ் புறப்படும் நேரத்தில் பார்த்தால் உன் அப்பா ஏறுகிறார்! கோயிலுக்கா என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் அமாவாசைக்கு அமாவாசை எங்க சுத்துவீங்க? எனக்கும் காட்டும்மா" என்றார். தறியை விட்டால் டீக்கடை, டீக்கடையை விட்டால் தறி என்று இருக்கிற மனிதர். நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.

சந்தவாசலில் இறங்கினோம். படவேட்டுக்குப் போகிற பஸ் வரவில்லை. நடந்தோம். மழை பெய்து ஓய்ந்து, ஜவ்வாது மலை கழுவி வைத்த மாதிரி இருந்தது. வாழைத் தோட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன. நாம் கால் நனைத்த பம்புசெட்டுத் தொட்டியைக் காட்டினேன். செருப்பு அறுந்து நீ இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு நடந்த இடத்தைக் காட்டினேன். கண்டக்டர் பொன்னுசாமி ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னாமா, பஸ் இருக்க சொல்ல நடந்துகினு போறீங்க?" என்று கத்துவாரே, அந்த வளைவும் வந்தது. நாம் வேண்டுமென்றே பஸ்ஸை விடுவோம் என்று சொன்னதும் உன் அப்பா சிரித்தார்.

வழியெல்லாம் நீ பாடிக்கொண்டு வருவாய் என்றும் சொன்னேன். அப்படியே நின்றுவிட்டார். "பாடுவாளா? வூட்ல ஒரு நாளும் பாடினது இல்லியே" என்றார். மாடு மேய்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் பாடுவாள் என்றேன்.

படவேட்டு ஆற்றில் தண்ணீர் போகிறது. கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் தொடவே இல்லை. போன ஆடியில் நீ பையோடு தனியாக வந்தாயே, சாப்பிட்ட கை காய்வதற்குள் உன்னை மாமியார் வீட்டுக்கே திரும்ப வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாரே, அந்தப் பேச்சை அவரே எடுத்தார்.

"அவ மணிக்கட்டுல காயத்தப் பாத்தேன்மா. பாத்துட்டுத்தான் பஸ் ஏத்திவுட்டேன். ஊரு இன்னா பேசும்னுதான் நெனச்சேன். உனக்கு எழுத வரும், நீ எழுது. அவ வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மாப்பிள்ளை தேடிகினு வந்தாருன்னா நான் பேசிக்கறேன்."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, சத்யா. நீயும் பார்த்திருக்க மாட்டாய். நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அவர் தறியில் உட்காரவில்லை. உள் அறையில் இருந்த பாவு நூல் மூட்டைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று பக்கத்து வீட்டுக் காசியம்மாள் கேட்டதற்கு, "எம் பொண்ணு வர்றா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாராம். உன் அம்மா ஓடிவந்து இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

நானும் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொல்லத் தோன்றும்போது சொல். சொல்லாவிட்டாலும் சரி.

லீலா அக்கா வியாழக்கிழமை காலை பஸ்ஸில் ஆரணிக்குத் திரும்புகிறார். துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம், என்னுடையது உனக்குச் சரியாக இருக்கும். படவேட்டு அம்மன் ரேணுகாம்பாள் உன் கூடவே இருக்கட்டும். ஜன்னல் ஓரம் நீ உட்கார்ந்துகொள், அக்காவுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
சுகன்யா