செருப்போடு சாப்பிட உட்கார்ந்தவள்

அண்ணே,

பொன்முடி மலையிலிருந்து இறங்கிய கல்லூரிப் பஸ் ஒரு வளைவில் சறுக்கிச் சுவரில் மோதி நின்றது. சுபாவும் மற்றப் பிள்ளைகளும் காயமில்லாமல் தப்பினார்கள். இரண்டு மாதமாகிறது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார்கள். என் மகள் அதற்குப்பின் பஸ் ஏறவே இல்லை. நேற்று செருப்பைப் போட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குள்ள எந்தினுடீ செருப்பு?" என்றாள் அவள் அம்மா.

"கால்ல கிடக்கட்டும்மா. ஓடணும்னா தேட வேண்டாம்லா."

அது நீ சொன்ன வார்த்தை.

சாலை பஜாரில் நம் கடை தீப்பிடித்த அன்று நாம் இருவரும் ஒரே மூட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். ஒரே புகையைத்தான் குடித்தோம். மூன்றாம் நாளே நான் கரியைக் கழுவிவிட்டு வியாபாரம் தொடங்கினேன். நீ செருப்பைக் கழற்றாமல் தூங்கினாய். ஷட்டர் சத்தம் கேட்டாலே வியர்த்தாய்.

"நான் உள்ள இருக்கும்போ ஷட்டரைப் பாதிக்குக் கீழ இறக்காதடே. அப்பிடின்னா கடைக்கு வாறேன்" என்று கேட்டாய்.

"தீ ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? எனக்கு ஒண்ணுமில்லியே. வேலை செய்யச் சோம்பி நடிக்கண்டாம்" என்றேன்.

அதற்குப்பின் நீ கடைப்படி ஏறவில்லை. நான்கு வருஷம் கழித்து நெஞ்சுவலியில் போனபோதும் செருப்பு உன் காலில்தான் இருந்தது.

இன்று சுபாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கேட்டார்: "வீட்டில வேற ஆருக்கெங்கிலும் இதுபோல உண்டோ?"

"ஆருமில்ல" என்றேன். நாளை பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழக்கூடாதே என்ற கணக்கு.

"ஆபத்து ஒண்ணுதான், அதை வாங்குற உடம்பு ஆளுக்காள் வேற. சிலரோட உடம்பு, ஆபத்து போன பிறகும் அதை விடாது. கொஞ்சம் பரம்பரையாயிட்டும் வரும். கோழைத்தனம் இல்ல. நேரத்தோட பாத்தா சரியாகும்" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் வைத்த காலை எடுத்துவிட்டேன். பரம்பரை என்றால் என் வழியாகத்தானே வந்திருக்கும். இதையும் மறைத்து, இவளையும் உன்னைப்போல அனுப்பிவிடுவேனோ? திரும்பி உள்ளே போனேன்.

"என் அண்ணனுக்கு இருந்தது டாக்டரே. நடிப்புன்னு சொன்னவன் நான்."

"பெரியப்பாவுக்குமா?" என்றாள் சுபா. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பயம் என்னை விடவில்லை அண்ணே. அவள் மூச்சு கொஞ்சம் வேகமானாலும் உன் மூச்சுதான் கேட்கிறது. ஆனால் அவளோடு பேசி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை பஸ் ஏறுகிறோம். கதவோரத்து இருக்கை அவளுக்கு, பக்கத்தில் நான். எந்த ஸ்டாப்பிலும் அவள் இறங்கலாம். ஏன் என்று நான் கேட்கக்கூடாது. செருப்பு, அவள் கழற்றும்போது கழற்றட்டும்.